ஹங்கேரி அங்கிளும் நான் கழுவிய பன்னிரண்டு முட்டைகளும்

ஹங்கேரி நாட்டின் மேல் உலகத்திலேயே அதிகப் பாசம் வைத்திருந்தவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் ஒருவர்தான். அந்த நாட்டுப் பிரதமரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரதமருக்காவது என்றைக்காவது ஒரு நாள் அலுத்திருக்கும். எங்கள் ஹங்கேரி அங்கிளுக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அலுத்ததில்லை. இத்தனைக்கும் அவர் அந்த நாட்டை மேப்பில் தவிர வேறெங்கும் பார்த்தது கிடையாது.

நான் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைப் புண்ணியத்தில் நியூ ஜெர்சி வந்து இறங்கியவன். வந்த ஆறாவது மாதமே எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டேன். போட்டி ஒன்றும் இல்லை. கூட்டத்தில் நான் மட்டும்தான் கையைத் தூக்கினேன், அதுவும் பாத்ரூம் எங்கே என்று கேட்பதற்காக. ஆனாலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஊரில் உள்ள தமிழர்களையெல்லாம் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். அப்படித்தான் ஹங்கேரி அங்கிள் கிடைத்தார்.

"அங்கிள், இந்த சனிக்கிழமை நம்ம சங்கத்து மீட்டிங். கண்டிப்பா வரணும்."

"சனிக்கெழமைங்களா? சனிக்கெழமை எங்க கிளப்புல தையல் இருக்குதுங்க."

"எந்த கிளப் அங்கிள்?"

"எங்க ஹங்கேரி கிளப்புங்க. எங்க ஊர்ல இப்ப ஈஸ்டருக்குத் தயாராவாங்க. நெறைய வேலை."

போனை வைத்த பிறகு, கோபிச்செட்டிபாளையத்தில் ஈஸ்டருக்கு என்ன இவ்வளவு வேலை என்று வெகுநேரம் யோசித்தேன். அவர் 'எங்க ஊர்' என்றது ஹங்கேரிக்காரர்களின் ஒரு கிராமத்தை என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை பார்க்கிறவர். பெல்ட்டில் ஓடிவரும் ஆயிரக்கணக்கான மாத்திரைகளில் ஓரம் உடைந்த ஒன்றைக் கண்டுபிடித்துப் பொறுக்கி எடுப்பது வேலை. அந்தக் கண் வேலை முடிந்த பிறகும் மூடாது. கல்யாணப் பத்திரிகை நீட்டினால் பார்டர் ஒரு பக்கம் குறுகலாக இருப்பதைச் சொல்வார். எடிசனில் தோசைக் கடைக்குக் கூட்டிப் போனால் தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வட்டம் வடகெழக்குல கொஞ்சம் சரிஞ்சிருக்குதுங்க" என்பார்.

தொண்ணூறில் அவர் அமெரிக்கா வந்தபோது மாடி போர்ஷன் வாடகைக்குப் பிடித்தது ஒரு ஹங்கேரிக்காரப் பெண்மணி வீட்டில். அவர்கள் மொழியில் ஆன்ட்டிக்கு 'நேனி' என்று பெயர். கிளப்பின் கண்ணாடி அலமாரிச் சாவி எப்போதும் அந்த அம்மாளின் இடுப்பில் தொங்கியதால் நாங்கள் சாவி நேனி என்று வைத்துக்கொண்டோம். முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் அந்த அம்மாள் தைத்து முடித்த மேஜை விரிப்பை உதறிக் காட்டியிருக்கிறார். இவர் சும்மா "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறியிருக்கலாம். அதுதான் நாகரிகம். இவர் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "மூணாவது பூவுல ஒரு இதழ் கம்மி" என்றார். சாவி நேனி எண்ணிப் பார்த்தார். கம்மிதான். அன்றிலிருந்து அந்த கிளப்பில் எந்தத் துணி தைத்து முடித்தாலும் இவர் பார்க்காமல் மடிக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு விவகாரம். சாவி நேனியும் அவர் தோழிகள் இரண்டு பேரும் பிறந்த கிராமம் ஹங்கேரியிலேயே இல்லை. ஏதோ ஒரு சண்டை முடிந்து எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டதில் பக்கத்து நாட்டுக்குள் போய்விட்டது. அங்கே இவர்கள் சிறுபான்மை. சரி என்று அமெரிக்கா வந்தால், கிளப்பில் மற்றவர்களெல்லாம் ஹங்கேரிச் சமவெளிக்காரர்கள்; இங்கேயும் சிறுபான்மை. சமவெளிக்காரர்கள் கலர் கலராகப் பூத்தையல் போடுவார்கள். இந்த மூன்று நேனிகள் சிவப்பு நூல் ஒன்றைத் தவிர வேறு நூலைத் தொட மாட்டார்கள். அலமாரியின் மேல் தட்டும் நடுத்தட்டும் சமவெளிக்கு. அடித்தட்டு இவர்களுக்கு. ஹங்கேரி அங்கிள் அந்த அடித்தட்டுக் கட்சி. சிறுபான்மைக்குள் சிறுபான்மைக்குள் ஒரு கோபிச்செட்டிபாளையம்.

எனக்கு அந்த கிளப்பைக் கண்டால் வயிறு எரிந்தது. மறைப்பானேன்! எங்கள் சங்கத்தின் மொத்தச் சொத்து தலைவர் வீட்டு கராஜில் இரண்டு அட்டைப்பெட்டி: ஒரு குத்துவிளக்கு, ஒரு பேனர், ஒரு எக்ஸ்டென்ஷன் கார்ட். அவர்களுக்கோ சொந்தக் கட்டடம். மேலே மேடையோடு ஹால், கீழே சமையலறை, தையல் அறை, தறி ஒன்று, மர பீரோக்கள், ஒவ்வொரு உடுப்புக்கும் ஊர் பெயர் எழுதிய அட்டை. அவர்கள் பிள்ளைகள் சனிக்கிழமை வரிசையாக நின்று அவர்கள் மொழியில் பாடின. எங்கள் தமிழ் வகுப்பில் நான் "அணில் என்ன சாப்பிடும்?" என்று கேட்டால், "கேன் வீ கோ ஹோம் நௌ, அங்கிள்?" என்று பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்களிடம் இருந்திருக்க வேண்டிய ஒரு ஆள் அவர்களிடம் இருந்தார்.

அவரும் எங்களை ஒரேயடியாகக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு வந்தார், சிவப்புத் தையல் போட்ட கறுப்பு வெயிஸ்ட்கோட்டில். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக்குக்கு முட்டைக்கோஸ் இலைக்குள் தயிர்சாதம் அடைத்துக் கொண்டுவந்தார். தலைவரின் மனைவி வசந்தா ஆன்ட்டி அதை ஒரு கடி கடித்துவிட்டு, "இதை எந்த நாட்டு மேல பழி போடறது?" என்று என் காதில் கேட்டார். அங்கிள் எங்கள் பேனரில் வரைந்திருந்த பொங்கல் பானையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செக்ரட்டரி, பானை இடதுபக்கம் புடைச்சிருக்குதுங்க" என்றார். அதோடு சரி. மறு சனிக்கிழமை அவர்களிடம் போய்விட்டார்.

பன்னீர்ச் செம்பு விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு ஒன்று வைத்திருந்தார். சங்க விழாவில் வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கலாம் என்று கேட்டேன்.

"தர முடியாதுங்க. அது ஈஸ்டருக்கு வேணும்."

"ஈஸ்டருக்குப் பன்னீரா?"

விளக்கினார். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை அவர்கள் ஆண்கள் வீடு வீடாகப் போய், நாலு வரிப் பாட்டு ஒன்று சொல்லி, பெண்கள் தலையில் தண்ணீரோ சென்ட்டோ தெளிப்பார்களாம். பெண்கள் பதிலுக்குச் சிவப்பு முட்டை தருவார்களாம். இவர் வருஷா வருஷம் மூன்று நேனிகளுக்கும் பன்னீர் தெளிக்கிறார். கோபிச்செட்டிபாளையத்துக் கல்யாண வாசலுக்கென்று செய்த செம்பு, முட்டைக்காக நேனி தலையில் சாய்கிறது. எங்கள் வாசலுக்கு இல்லை! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆனால் அவருக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. அந்த அலமாரி. பதினோரு வருஷம் மற்றவர்களின் தையலில் குறை கண்டுபிடித்தும், முட்டை எழுதப் பழகியும், அவர் கைவேலை ஒன்றுகூட அந்தக் கண்ணாடிக்குள் போகவில்லை. அவர்கள் முட்டையில் 'வரைவது' என்று சொல்ல மாட்டார்கள், 'எழுதுவது' என்பார்கள். குச்சி நுனியில் ஒரு சின்னச் செப்புக் குழாய். அதில் உருகிய மெழுகைத் தொட்டு முட்டை மேல் கோடு இழுக்க வேண்டும். பிறகு சிவப்புச் சாயத்தில் முக்கி மெழுகைத் துடைத்தால் கோடு வெள்ளையாக நிற்கும். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு, வருஷத்தில் ஒரே ஒரு முறை, சாவி நேனி அலமாரியைத் திறந்து புது வேலைகளை உள்ளே வைப்பார். அந்த வருஷம்தான், "நீயும் எழுதிக் கொண்டுவா, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

"பன்னண்டு எழுதப் போறேனுங்க செக்ரட்டரி. ஒண்ணாவது தேறாதுங்களா?"

கேட்டபோது அவர் குரல் பரீட்சை எழுதப் போகிற பையன் குரல் மாதிரி இருந்தது. நான் "தேறும் அங்கிள்" என்றேன். மனசுக்குள் தேறக்கூடாது என்றும் ஒரு குரல் கேட்டது. தேறிவிட்டால் ஆள் நிரந்தரமாக அவர்களுக்கு.

அந்த வருஷம் சித்திரை முதல் நாளும் அதே சனிக்கிழமை வந்து தொலைத்தது. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாங்கள் எடுத்திருந்த பள்ளிக்கூட ஹால் கைவிட்டுப் போனது. போன விழாவில் நாங்கள் ஏற்றிய கற்பூரத்துக்கு மூன்று ஃபயர் எஞ்சின் வந்ததை அவர்கள் மறக்கவில்லையாம். நானூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஹங்கேரி அங்கிளுக்குப் போன் செய்தேன். பொறாமைப்பட்ட இடத்திலேயே போய்க் கைநீட்டுவது எவ்வளவு கசக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "பேசிட்டேனுங்க. மேல் ஹால் உங்களுக்கு. கீழ எங்களுக்கு. சமையக்கட்டு பொது. கற்பூரம் மட்டும் வேண்டாமுங்க."

உங்களுக்கு. எங்களுக்கு. அந்த இரண்டு வார்த்தையையும் நான் இன்னும் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் கீழே சமையலறை மூலையில் மெழுகுவர்த்தியும் செப்புக் குழாயுமாக உட்கார்ந்துவிட்டார். மதியம் ஒரு மணிக்குள் பன்னிரண்டும் எழுதி முடித்தார். சாயத்தில் முக்குவதுதான் பாக்கி. அப்போது மேலே எங்கள் மைக் ஊளையிட ஆரம்பித்தது. வரவேற்புரை சொல்ல வந்தவர் வாயைத் திறந்தாலே நாய் விரட்டுகிற சத்தம். நான் படியில் பாதி இறங்கி, "அங்கிள்! மைக் கத்துது! ப்ளீஸ்!" என்று அலறினேன். அவர் முட்டைத் தட்டைச் சிங்க் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மேலே வந்து, மேடைக்கு அடியில் ஒயர்களுக்குள் புகுந்துகொண்டார்.

நான் காபிக்கு வெந்நீர் எடுக்கக் கீழே போனேன். வசந்தா ஆன்ட்டி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இங்க பாரு. நாம போனப்புறம் சமையல்கட்டை அசிங்கம் பண்ணிட்டாங்கன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. எல்லாத்தையும் பளிச்சுனு ஆக்கிட்டுத்தான் போகணும். அந்த முட்டையைப் பாரு, கண்றாவி. நான் முட்டையைத் தொட மாட்டேன். நீ கழுவு."

பார்த்தேன். வெள்ளை முட்டைகள் மேல் மங்கலாகப் பழுப்புத் தீற்றல்கள். சாயத்தில் முக்காத மெழுகுக்கோடு அப்படித்தான் தெரியும் என்று எனக்கென்ன தெரியும்? சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, எழுதிய முட்டையை நான் சிவப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். அழுக்கு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் அந்த அழுக்கைப் பார்த்ததும் என் மனசு குளிர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். அப்பாடா, இவ்வளவு பெரிய கட்டடம், தறி, அலமாரி எல்லாம் வைத்திருக்கிறார்கள், ஒரு முட்டையைக் கழுவத் தெரியவில்லை! கொதிக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஸ்க்ரப்பரால் பன்னிரண்டையும் தேய்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் பாத்திரம்கூடத் தேய்த்ததில்லை.

அங்கிள் இறங்கி வந்தார். தட்டைப் பார்த்தார்.

"யாருங்க கழுவுனது?"

"நான்தான் அங்கிள்! எப்படி, பளபளன்னு?"

ஒரு முட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மாத்திரை பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு பொருளில் ஒரு குறைகூட இல்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். சுத்தமான வெள்ளை. அப்போதுதான் மெழுகுவர்த்தியும் செப்புக் குழாயும் என் கண்ணில் பட்டன. 

அந்த நேரம் பார்த்துச் சாவி நேனி உள்ளே வந்தார். தட்டைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அங்கிள் அதே மொழியில் ஒரே வரி சொன்னார். நேனி இவரை ஏற இறங்கப் பார்த்தார், என்னையும் பார்த்தார், போய்விட்டார். நாலு மணிக்கு அலமாரி திறந்த சத்தமும் பூட்டிய சத்தமும் கேட்டன.

"என்ன அங்கிள் சொன்னீங்க?"

"நான்தான் கழுவிட்டேன்னு சொன்னேனுங்க."

"ஏன் அங்கிள்?"

"மேல நானூறு பேர் இருக்காங்களே. ஹால் வேணுமில்லீங்க உங்களுக்கு?"

அன்று மாலை நான் மேடையில் 'நமது பண்பாட்டைக் காப்பது எப்படி' என்று இருபது நிமிஷம் பேசினேன். மைக் ஒரு முறைகூடக் கத்தவில்லை. கடைசி வரிசையில் அங்கிள் உட்கார்ந்து கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போன் செய்து, "அங்கிள், நாளைக்கு நேனி வீட்டுக்கு நானும் வரேன்" என்றேன்.

"பாட்டு தெரியணுமுங்க."

"சொல்லிக் குடுங்க."

போனிலேயே நாலு வரியையும் ஒப்பித்தேன். திங்கட்கிழமை ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்துக் காரில் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நேனிகள் மூன்று பேரும் சிவப்புத் தையல் ரவிக்கையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் முதலில் போனார். பாட்டு. தலைக்கு மூன்று சொட்டு, எண்ணினாற்போல. மூன்று பேரும் கடமைக்கு "ஊய்" என்றார்கள். அடுத்தது நான்.

"மூடி மரை தேஞ்சிருக்குதுங்க. கழுத்தை அழுத்திப் புடிச்சுக்கோங்க" என்று செம்பைக் கொடுத்தார். நான் எப்போது எதைக் காதில் வாங்கினேன்? பாட்டை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, சாவி நேனி தலைக்கு நேரே செம்பை ஒரு வீசு வீசினேன். மூடி கழன்று மூலைக்குப் பறந்தது. செம்பிலிருந்த மொத்தப் பன்னீரும் நேனி தலையில் இறங்கி, மூக்கு வழியாக வழிந்து, ரவிக்கைக்குள் போனது.

 முட்டையையும் கெடுத்து, நேனியையும் நனைத்தாயிற்று; இனி விசா ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று சாவி நேனி வாயைப் பிளந்து சிரிக்க ஆரம்பித்தார். மற்ற இரண்டு பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். நேனி சிரிப்புக்கு நடுவே விரலை அங்கிளை நோக்கி ஆட்டி ஆட்டி நிறைய சொன்னார்.

"என்ன அங்கிள் சொல்றாங்க?"

அவருக்கு மொழிபெயர்க்க மனமே இல்லை. "எங்க ஊர்ல... அவங்க ஊர்ல சொட்டுச் சொட்டாத் தெளிக்க மாட்டாங்களாமுங்க. கெணத்தடிக்கு இழுத்துட்டுப் போயி வாளியோட ஊத்துவாங்களாம். இவன் பதினோரு வருஷமா என்னை இஸ்திரி போடற துணின்னு நெனைச்சுத் தெளிச்சுட்டிருக்கான், இந்தப் பையன்தான் எங்க ஊர்க்காரன்னு சொல்றாங்க."

நேனி கூடையிலிருந்து இருப்பதிலேயே சிவந்த முட்டையை எடுத்து என் கையில் வைத்தார். அங்கிள் அந்த முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். மூன்று வருஷமாக ஷேவ் பண்ணும்போதெல்லாம் கண்ணாடியில் நான் பார்த்த அதே பொறாமை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், முட்டையைக் கழுவினது நான்தான், அவர் இல்லை என்று. நேனி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: "தெரியுமே. பதினோரு வருஷத்தில் இவன் ஒரு காபி கப்பைக்கூடக் கழுவியதில்லை."

பிறகு அங்கிளின் வெயிஸ்ட்கோட் புடைப்பைக் காட்டிக் கையை நீட்டினார். அங்கிள் தயங்கித் தயங்கி வெயிஸ்ட்கோட் பையிலிருந்து கைக்குட்டை மூட்டை ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு சிவப்பு முட்டை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அடுத்த வருஷம் ஈஸ்டருக்காக. நேனி அதை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் தட்டினார். ஈரத் தலையோடு பக்கத்துக் கட்டடமான கிளப்புக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். நாள் தவறி, நேரம் தவறி அந்த அலமாரி திறந்தது அன்றைக்கு மட்டும்தான்.

முட்டைக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில் ஊர் பெயர் எழுத வேண்டும். அங்கிள் பயபக்தியோடு நேனிகளின் கிராமத்துப் பெயரைச் சொன்னார். நேனி பேனாவை நிறுத்தினார்.

"அது என் ஊர். உன் ஊர் எது?"

அங்கிள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அட்டையின் முதல் வரி 'கோபி'க்குப் பிறகு கொஞ்சத்தில் முடிந்தது, இரண்டாவது வரியும் முடிந்தது, கடைசி இரண்டு எழுத்தை நேனி ஓரத்தில் செங்குத்தாக எழுதினார். அடித்தட்டில் முட்டையை விட அட்டை பெரிதாக நின்றது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அட்டை ஒரு நூல் சாஞ்சிருக்குதுங்க" என்றார். 

வெளியே வந்ததும் காரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு வெள்ளை முட்டை. ஊசித் துளை போட்டு உள்ளிருப்பதை ஊதி எடுத்திருந்தார். "நீங்க கழுவுனதுல ஒண்ணுங்க செக்ரட்டரி. உங்க அலமாரில வெச்சுக்கோங்க."

எங்கள் சங்கத்துக்கு அலமாரி கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கம்பெனி என்னைக் கலிஃபோர்னியாவில் குபெர்டினோவுக்குத் தூக்கிப் போட்டது. இரண்டு முட்டையையும் ரைஸ் குக்கருக்குள் பஞ்சு வைத்துக் காரில் கொண்டுவந்தேன். சிவப்பு முட்டை ஓஹையோவைத் தாண்டவில்லை. வெள்ளை முட்டை பத்திரமாக வந்து, என் கம்ப்யூட்டர் மானிட்டர் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் ரூம்மேட் அதை எடுத்துப் பார்த்தான்.

"என்னடா இது, ஒண்ணுமே இல்ல? தூசி வேற. கழுவிடட்டுமா?"

பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். "தொடாதே! அதை எழுதினவர் எங்க ஊர்க்காரர்."

நான் மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவன். கோபிச்செட்டிபாளையத்தை மேப்பில்கூடப் பார்த்ததில்லை.